மனித மூலதனமும் ஒரு சீப்பு வாழைப்பழமும்

மனிதரை அளக்கிறவர்கள் என்றோர் இனம் உண்டு. தையற்காரரைச் சொல்லவில்லை. அவர் தோளையும் இடுப்பையும் அளந்துவிட்டு அடுத்த நிமிடமே நம்மை மறந்துவிடுகிற நல்ல மனிதர். இது வேறு இனம். குழந்தையைக் கையில் கொடுத்தால் கன்னத்தைக் கிள்ளுவதற்கு முன் வயதுக்கேற்ற உயரம் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள். கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரர் உச்சத்தில் நின்று ஊத, சபையே கண்ணை மூடிக் கிறங்கியிருக்கும்போது, 'நுரையீரல் நன்று, பாடசாலைக் கல்வி குறைவு' என்று மனதுக்குள் குறித்துக்கொள்பவர்கள். செத்த வீட்டில் மாலையைப் போட்டுவிட்டு, 'உழைக்கக்கூடிய ஆண்டுகள் இன்னும் இருந்தனவே' என்று உண்மையான துக்கத்தோடு பெருமூச்சு விடுபவர்கள். பள்ளிக்கூடத்தில் இருந்த காலம், உடம்பில் இருக்கிற நோய், கையில் இருக்கிற தொழில், இவற்றைக் கூட்டிக் கழித்தால் வருவது மனிதன். மனிதர்களையெல்லாம் கூட்டினால் வருவது ஒரு நாட்டின் மனித மூலதனம். சிரிப்பு, கோபம், பாட்டு எல்லாம்? அவை எந்தக் கூண்டிலும் அடங்காதவை, விட்டுவிடலாம்.

வளரும் நாடுகளுக்கு இதை அளந்து சொல்வதற்கென்றே வளர்ந்த நாடுகளில் கட்டடங்கள் இருக்கின்றன. கட்டடங்களில் மாடிகள் இருக்கின்றன. மாடிகளில் கலாநிதிகள் இருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவர் கலாநிதி தனபாலன்.

கண்டி நகரின் திருகோணமலை வீதியில் ஒரு புடைவைக்கடைக் கணக்கப்பிள்ளைக்குப் பிறந்து, தமிழில் கணக்கையும் ஆங்கிலத்தில் கவலையையும் கற்று, பேராதனையில் பட்டம் வாங்கி, அந்தப் பட்டத்தின் மை காயும் முன்பே ஜெனீவாவுக்கு விமானம் ஏறியவர். இப்போது நாற்பத்தொன்பது வயது. மனைவி இல்லை, பிள்ளை இல்லை, பூனை கூட இல்லை. கவலைகள் மட்டும் ஏராளம். கண்டிக்கு வந்தால் தண்ணீர் பயம், நாய் பயம், பஸ்ஸின் பிரேக் பயம், அட்டை பயம். அட்டைக்குப் பயந்து முழங்கால் வரை இறுக்கிக் கட்டும் விசேஷக் காலுறை ஒன்றை அங்கிருந்தே வாங்கி வந்திருந்தார். ஆனால் அட்டையை விட ஆழமாகக் கடித்துக்கொண்டிருந்தது வேறொன்று. இதற்கு முன் போன நாட்டில் அவர் எடுத்த அளவுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. "இந்தத் தடவையும் பொருந்தாவிட்டால், நீங்கள் கொஞ்சம் ஓய்வெடுக்கலாமே" என்று மேலதிகாரி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அளப்பதை எடுத்துவிட்டால் தனபாலனிடம் மிச்சம் என்ன இருக்கிறது? காலுறை.

ஆகவே இந்தத் தடவை அவர் சொந்த மண்ணைத் தேர்ந்தெடுத்தார். ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், அதில் தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் ஒரு லயம். சொந்த மண் பொய் சொல்லாது என்று நம்பினார். மண் சொல்லாதுதான். பதில் சொல்வது மனிதர்கள் அல்லவா?

இவர்களுடைய வேலையில் ஒரு விதி உண்டு. அதே ஆளிடம் அதே கேள்வியைச் சில நாள் விட்டு மறுபடி கேட்க வேண்டும். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் அளவு சரி. இல்லாவிட்டால் எல்லாம் குப்பை.

முதல் தடவை கதவில் பெரிய சின்னம் போட்ட வெள்ளை ஜீப்பில் போனார். உதவிக்கு மடவளையிலிருந்து வந்த கைரியா. பட்டதாரி, கெட்டிக்காரி, சிரிப்பை அடக்கத் தெரியாதவள். ஜீப் கடைசி வளைவில் முக்கி முனகி ஏறுவதற்குள் லயம் முடிவு செய்துவிட்டது: நிவாரணம்!

முதல் வீடு பாலம்மாவுடையது. தலையில் ஒரு கட்டு விறகோடு மலையிலிருந்து இறங்கி வந்தவளைத் தனபாலன் வாசலிலேயே நிறுத்தினார்.

"எத்தனாம் வகுப்பு வரைக்கும் படிச்சீங்க அம்மா?"

"படிப்பா? எங்களுக்கெல்லாம் ஏதுங்கய்யா படிப்பு."

"உடம்பு எப்படி?"

"அத ஏன் கேக்குறீங்க. இடுப்பு போச்சு, முட்டி போச்சு, கண்ணு ஒன்னு போயிட்டு இருக்கு." விறகுக்கட்டு அசையாமல் நின்றது.

அன்று அந்த லயத்தில் ஒருவரும் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததில்லை. எல்லோருக்கும் எல்லா நோயும் இருந்தது. இந்த லயத்தார் இன்னும் உயிரோடிருப்பதே மருத்துவ அதிசயம் என்று தனபாலன் கவலையோடு கண்டிக்குத் திரும்பினார்.

மறுபடி கேட்கப் போன நாளில் ஜீப் கிடைக்கவில்லை. கண்டியில் ஒரு வான் பிடித்தார்கள். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றுகிற வான். கண்ணாடியில் விமானப் படமே ஒட்டியிருந்தது. போதாதா? லயம் முடிவு செய்துவிட்டது: வெளிநாட்டு வேலை!

"எத்தனாம் வகுப்பு?" என்று ஆரம்பித்தார் தனபாலன்.

"பதிமூனாம் வகுப்புங்க, உயர்தரம்," என்றாள் பாலம்மா, கண்ணிமைக்காமல். "இங்கிலீசும் வரும். எஸ் மேடம், நோ மேடம், தேங்கியூ மேடம்."

"போன கிழமை இடுப்பு வலி என்றீர்களே?"

"எனக்கா? யாருங்கய்யா சொன்னது?" அவள் குனிந்து அம்மிக்கல்லைத் தூக்கி, இடத்தை மாற்றி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

வானில் இறங்கி வரும்போது கைரியா இரண்டு தடவையும் வந்த பதில்களை ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒரு கிழமைக்குள் இவ்வளவு முன்னேற்றம் எந்த நாட்டிலும் நடந்ததில்லை.

"சேர், இந்த வேகத்தில போனா அடுத்த மாசம் சிங்கப்பூரையும் தாண்டிடுவாங்க."

தனபாலன் சிரிக்கவில்லை. அவருக்கு ஜெனீவாவில் ஒருவர் சிரிப்பது கேட்டது. இனி ஆரம்பத்திலிருந்து இரண்டே இரண்டு தடவை கேட்கத்தான் அவகாசம் இருந்தது. அதுவும் பொருந்தாவிட்டால் ஓய்வு.

அக்கா இராஜகுமாரி வீட்டில்தான் தங்கியிருந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவரை அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏன்டா, ரெண்டு தடவ அந்த சனங்க வீட்டுக்குப் போயிருக்கே. கையில ஏதாவது கொண்டுபோனியா?"

"கேள்வி கொண்டுபோனேன் அக்கா."

"நல்லா இருக்கு! வெறுங்கைய வீசிக்கிட்டுப் போயி, ஒனக்கு என்ன நோவு, ஒனக்கு என்ன படிப்புன்னு கேட்டா எவ ஒழுங்கா சொல்லுவா? அம்மா நம்மள அப்புடியா வளத்துச்சு?"

மறுநாள் காலை அவருடைய காற்சட்டை இரண்டும் மழையில் காயாமல் தொங்கின. அக்கா புருஷனின் வேட்டியும் வெள்ளைச் சட்டையும் கிடைத்தன. ஒரு பையில் கோழிக்கூட்டு வாழைப்பழம் ஒரு சீப்பு, பிஸ்கட் பெட்டி, மேலே வெற்றிலை பாக்கு. மண்சரிவுக்குப் பயந்து வான்காரர் வரமாட்டேன் என்றதால் பஸ். பஸ்ஸை விட்டு இறங்கி, வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பழப்பையை மறுகையில் ஏந்தி, கூடவே ஒரு பெண்பிள்ளை வர, கலாநிதி தனபாலன் லயத்துக்கு ஏறினார்.

பாலம்மா பையை வாங்கினாள். பழத்தைப் பார்த்தாள். வெற்றிலையைப் பார்த்தாள். வேட்டியைப் பார்த்தாள். கடைசியாக அவருடைய முகத்தை, அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவள்போல் பார்த்தாள். லயத்தில் தண்ணீர்க்குழாயைத் தவிர எல்லாச் சத்தமும் நின்றது.

எங்கிருந்தோ ஒரு கதிரை வந்தது. அதன்மேல் ஒரு துவாய் விரிந்தது. இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீ வந்தது. பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா, முப்பது தாண்டிய தன் மகள் றமீலாவை முகம் கழுவ அனுப்பிவிட்டு ஓடி வந்தாள்.

"எங்க றமீலா உயர்தரம் பாஸுங்க," என்றாள், அவர் கேட்பதற்கு முன்பே.

"பாஸா?" என்றாள் பாலம்மா முற்றத்திலிருந்து. "ஒரு பாடத்துல போச்சே! எம் மருமகளும் அவளும் ஒன்னாத்தானே எழுதுனாங்க."

"ஒன்னுல போனா என்னாடி? ஒம் மருமக எல்லாத்துலயும்ல போனா!"

கைரியா ஒரே மூச்சில் இரண்டு உண்மைகளை எழுதிக்கொண்டாள்.

"நோய் ஒன்னும் கெடையாதுங்க," என்றாள் பேச்சியம்மா.

"பனி விழுந்தா இழுப்பு வருமே, அதயும் சொல்லு. நடுச்சுவரு ஒன்னுதான், இருமுனா எனக்குத்தானே கேக்குது."

அன்று அந்த லயத்தில் ஒரு வகுப்பைக்கூட யாராலும் கூட்டிச் சொல்ல முடியவில்லை, ஒரு நோயைக்கூட மறைக்க முடியவில்லை. ஒவ்வொரு தாயின் பதிலையும் மற்றொரு தாய் திருத்தினாள். பாலம்மா படித்த வகுப்பு முதற்கொண்டு எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. எந்தப் பல்கலைக்கழகத்திலும் இவ்வளவு கறாரான மேற்பார்வை கிடையாது. தனபாலன் பூரித்துப்போனார்.

"பார்த்தீங்களா கைரியா, பொறுமையாகக் கேட்டால் மக்கள் உண்மையைச் சொல்கிறார்கள்," என்றார், திரும்பும் பஸ்ஸில்.

"சேர், ஒங்களுக்கு இன்னும் வெளங்கல்லயா? ஒங்கள மாப்புளயாத்தான் பாத்தீக்கிறாங்க. நான்தான் தரகராம்."

"ஐயோ! யார் சொன்னது?"

"நீங்க கொண்டுபோன வாழப்பழம் சொல்லீக்கிது."

பஸ் தலாத்துஓயாவைத் தாண்டும்வரை அவர் வேட்டி முடிச்சைச் சரிசெய்துகொண்டே இருந்தார். பிறகு, "நாளைக்கே போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்" என்றார்.

"சொல்லுங்க சேர். சொன்னா, அடுத்த தடவ என்ன பதில் வரும்டு ஒங்களுக்கே தெரியும்."

தெரியும். மனச்சாட்சி ஒரு பக்கம், ஜெனீவா மறுபக்கம். இப்படியான சந்தர்ப்பத்தில் அளக்கிற இனம் என்ன செய்யும்? ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. மேலும் ஆராய வேண்டும் என்று சொல்லும். தனபாலனும் ஆராய்ந்தார். ஆராய்ந்து முடிவதற்குள் மறுபடி கேட்கிற நாள் வந்துவிட்டது. அக்கா இன்னொரு சீப்புப் பழம் வாங்கி வைத்திருந்தாள்.

பதில்கள் பொருந்தின. றமீலாவின் இழுப்பு முதல் பாலம்மாவின் முட்டிவரை, எழுத்துக்கு எழுத்து பொருந்தின. கடைசிப் பதிலையும் எழுதி முடித்தபோது தனபாலனுக்கு வேட்டியோடு ஒரு துள்ளுத் துள்ள வேண்டும்போல் இருந்தது. எழுந்தார்.

"எங்க போறீங்க? உக்காருங்க தம்பி," என்றாள் பாலம்மா. 'ஐயா' எப்போது 'தம்பி' ஆனது என்று அவர் கவனிக்கவில்லை. "எங்ககிட்ட எல்லாம் கேட்டாச்சு. இப்ப நாங்க கேக்கணும்ல? அதானே மொற."

பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். கேள்வி கேட்டே பழகிய மனிதர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேள்விக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"வயசு?"

"நாற்பத்தொன்பது."

"தலையில உள்ளது சாயமா?"

"கொஞ்சம்."

"ஒடம்புக்கு ஏதும்?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். கைரியா இருமினாள். "பச்சைத்தண்ணீர் ஒத்துக்காது. தூக்கத்துக்கு மாத்திரை போடுவேன்."

"சமைக்கத் தெரியுமா?"

"முட்டை அவிப்பேன்."

"அங்க காச்சல் கீச்சல்னு படுத்தா யாரு கஞ்சி வச்சுக் குடுப்பா?"

தனபாலன் யோசித்தார். இந்தக் கேள்வி அவருடைய எந்தக் கேள்விக்கொத்திலும் இருந்ததில்லை. "காப்புறுதி இருக்கிறது," என்றார்.

"அது வந்து கஞ்சி வைக்குமா?"

யாரோ சிரித்தார்கள். பேச்சியம்மா இரக்கத்தோடு பேச்சை மாற்றினாள். "படிப்பு என்னாங்க?"

அவர் முகம் மலர்ந்தது. பேராதனையில் தொடங்கி, ஒவ்வொரு பட்டமாக, ஒவ்வொரு நாடாக அடுக்கினார். பெண்கள் மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அம்புட்டும் படிச்சு இப்ப என்னா வேல பாக்குறீங்க?"

"மற்றவர்கள் எவ்வளவு படித்திருக்கிறார்கள் என்று கேட்கிற வேலை."

குழாயடியில் ஒரு சின்னக் கூட்டம் கூடிக் கலைந்தது. றமீலாவும் போய் ஏதோ சொன்னாள். சொல்லும்போது தலையை இரண்டு பக்கமும் ஆட்டியது கதிரையிலிருந்தே தெரிந்தது. பாலம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"தம்பி, மனசுல வச்சுக்காதீங்க. படிப்பு கூடிப்போச்சு, ஒடம்பு கொறஞ்சுபோச்சு. எங்க புள்ளைகளுக்குச் சரிவராது. டவுனுப் பக்கம் யாராச்சும் டீச்சரம்மா இருந்தா பாருங்க."

"அம்மா, நான் அதற்காக வரவே இல்லை," தனபாலன் எழுந்து நின்றார். "நான் வந்தது மனித மூலதனத்தை…"

"ஆமா, ஆமா." அவள் அவருடைய தோளைத் தட்டிக்கொடுத்தாள். "சரிவராதுன்னு சொன்னதும் எல்லா மாப்புளயும் அப்புடித்தான் சொல்லுவாங்க."

வந்தவர் பையை வெறுமையாக அனுப்புவார்களா? உள்ளே ஒரு பூசணிக்காயை வைத்துக் கொடுத்தார்கள். பஸ்ஸில் பூசணிக்காய் மடியில் இருந்தது. பொருந்திய அளவு கைக்கு வந்துவிட்டது. பயந்த கல்யாணமும் விலகிப் போனது. துள்ள வேண்டிய மனிதர் ஏன் வாடிப்போய் இருந்தார்? வேண்டாத பரீட்சையில் தோற்றாலும் தோல்வி தோல்விதானே.

"சேர், ஒங்கட பதிலையும் எழுதீக்கிறேன். லயத்துக் கணக்கில சேக்கவா?"

"வேண்டாம், வேண்டாம்," என்றார் தனபாலன் பதறிப்போய். "சராசரி இறங்கிவிடும்."

ஜெனீவா மகிழ்ந்தது. இவ்வளவு துல்லியமாகப் பொருந்திய அளவை அந்தக் கட்டடம் கண்டதில்லை. முறை என்ன என்று கேட்டார்கள். 'சமூகப் பங்கேற்புடன் கூடிய பரஸ்பர மேற்பார்வை' என்று எழுதிக் கொடுத்தார். ஓய்வைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த முறையை, வாழைப்பழம் உட்பட, வழிகாட்டிக் கைந்நூலாக அச்சிட்டார்கள். இன்று எந்த வளரும் நாட்டில் அந்தக் கட்டடத்தார் எந்த வீட்டு வாசலில் போய் நின்றாலும், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருக்கும். ஏனென்று அவர்களுக்கே தெரியாது.

அப்பாடா, நமக்கும் அந்த இனத்துக்கும் சம்பந்தமில்லை என்று நிம்மதியாகச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளையை வழியில் கண்டதும் 'சாப்பிட்டாயா' என்பதற்கு முன் 'புலமைப்பரிசில் பரீட்சையில் எத்தனை புள்ளி' என்று கேட்டவர் யார்? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவருடைய தொழில், மகன் இருக்கிற நாடு, மகளுடைய உயரம் எல்லாவற்றையும் கட்டுகஸ்தோட்டைப் பாலம் வருவதற்குள் அளந்து முடித்தவர் யார்?

அதை விடுங்கள். பாலம்மா உண்மையில் எத்தனாம் வகுப்பு வரை படித்தவள் என்று இந்நேரம் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுவிட்டீர்களே, அதுதான் அடையாளம். சரியான பதில் கைரியாவிடம் இருக்கிறது. கேட்கப் போவதானால் வெறுங்கையோடு போகாதீர்கள்.