குடை பிடிக்கிற ஆள்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி புகைப்படக்காரி. ஓட்டப்பந்தயம், சைக்கிள் பந்தயம் என்று வெட்டவெளியில் எது நடந்தாலும் காலையில் கேமராவோடு கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். அதில் அவருக்கு ஒரு மனக்குறையும் இருந்ததில்லை, குடை பிடிக்கிற ஆளைப் பற்றிக் கேள்விப்படும்வரை.

சாப்பிடும்போது அவள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அந்த ஆளும் புகைப்படக்காரர்தானாம். நல்ல உயரமாம். குரல் கணீரென்று இருக்குமாம். வெயில் ஏறினால் இவள் கேமராவுக்குக் குடை பிடிப்பாராம், அப்படியே இவளுக்கும் சேர்த்து. பையைக்கூடத் தூக்கவிடுவதில்லையாம்.

படம் பிடிக்கப் போன இடத்தில் குடை பிடிக்க ஓர் ஆள். இது கணவருக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் கடைக்கு வந்தவர்களில் உயரமானவர்களுக்கு மட்டும் கொஞ்சம் கடுகடுப்பாகவே கண் சோதித்தார். இரவு வந்ததும், ஞாயிற்றுக்கிழமை ஓட்டப்பந்தயத்துக்குத் தானும் வருவதாக அறிவித்தார்.

"உங்களுக்கு எதுக்குங்க வீண் சிரமம்? வெயில் மண்டையப் பொளக்கும்."

"பொளக்கட்டும். பையை நான்தான் அடுக்குவேன். நான்தான் தூக்குவேன்."

அவள் தடுக்கவில்லை.

அந்த ஆள் எதையும் நீட்ட வழியே இருக்கக் கூடாது என்பதுதான் அவர் திட்டம். தண்ணீர் நீட்டுவானா? பெரிய பாட்டில்களாகப் போட்டார். பேட்டரி தீர்ந்தால் பல்லை இளித்துக்கொண்டு வருவானே? மாற்று பேட்டரிகளைத் திணித்தார். மெமரி கார்டு, தொப்பி, வெயிலுக்குப் பூசும் கிரீம், மழை வந்தால் கேமராவை மூட உறை, பிஸ்கட், மடக்கு நாற்காலி. குடை மட்டும் இரண்டு. பையை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்ட அவர் பக்கவாட்டில் நடக்க வேண்டியிருந்தது.

மைதானத்தில் அவள் கேமராவை மட்டும் வைத்துக்கொண்டு காற்றாய்ப் பறந்தாள். இவர் பின்னாலேயே ஓடினார். பந்தயத்தில் ஓடியவர்களுக்குக்கூட அவ்வளவு மூச்சு வாங்கியிருக்காது. உச்சி வெயிலில் ஒரு மரத்தடிக்கு ஒதுங்கியபோதுதான் அந்த ஆளைப் பார்த்தார். அதே உயரம். கையில் குடை. காலடியில் இவர் பையைவிடப் பெரிய பை. இவர் முறைத்தார். அவரும் முறைத்தார்.

வாயைத் திறந்தது அந்த ஆள்தான்.

"என் வீட்டுக்காரிக்குத் தண்ணி குடுக்கறது, குடை பிடிக்கறது எல்லாம் நீங்கதானா?"

இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. உட்கார்ந்து பேசிய பிறகுதான் விளங்கியது. அவர் மனைவியும் புகைப்படக்காரி. அவள் சொன்ன ஆளுக்கும் நல்ல உயரம், கணீர்க் குரல். எதிரே, ஓட்டம் முடியும் கோட்டருகில், இரண்டு மனைவிகளும் தோளில் ஒரு சுமையும் இல்லாமல் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வீடு திரும்பும் வழியில் கணவர் நேராகவே கேட்டார்.

"அப்படி ஒரு ஆளே கிடையாது, இல்லையா?"

"கிடையாதுங்க," என்றாள் அவள், கொஞ்சமும் கூசாமல். "பை ரொம்பக் கனம். தூக்கிட்டு வாங்கன்னு கூப்பிட்டா நீங்க வந்திருப்பீங்களா?"

இனி எந்தப் பந்தயத்துக்கும் வரப்போவதில்லை என்று அவர் உறுதியாகச் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

"சரிங்க. அடுத்த சனிக்கிழமை சைக்கிள் பந்தயம். வெளியூர்லேர்ந்து புதுசா ஒருத்தர் படம் எடுக்க வர்றாராம். ரொம்ப உதவி பண்ற மனுஷன்னு சொல்றாங்க."

இதுவும் பொய்தான் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகமில்லை. அதை நேரில் பார்த்து உறுதி செய்துகொள்ளத்தான் சனிக்கிழமை கடையைச் சாத்திவிட்டு, பையை மாட்டிக்கொண்டு, அவளுக்கு முன்னால் படியிறங்கினார்.