சுவாதியும் ஒரு முறம் வெங்காயமும்

இனிமேல் சின்ன வெங்காயம் உரிப்பதில்லை என்று சித்திரை பிறந்த அன்று சபதம் எடுத்தேன். மனசுக்குள்தான்.

என் மனைவி இசக்கிசெல்வி கொச்சி மட்டாஞ்சேரியில் வீட்டிலிருந்தே இட்லி, சாம்பார் செய்து கொடுக்கிறாள். பள்ளுருத்தியில் கட்டட வேலைக்கு வந்திருக்கும் நம் ஊர்க்காரர்கள் அந்தச் சாம்பாருக்கு அடிமை. அவர்கள் நாக்கால் அடிமை, நான் நகத்தால். தினமும் இருட்டியதும் ஒரு முறம் வெங்காயம் உரித்தாக வேண்டும்.

தப்பிக்க வழி வானத்தில் கிடைத்தது. செல்வியின் ஜென்ம நட்சத்திரம் சுவாதி. இனி தினமும் மாடியில் நின்று அதைப் பார்க்கப் போகிறேன் என்றேன். ஆரஞ்சு நிறம், சூரியனைவிட இருபத்தைந்து மடங்கு அகலம், முப்பத்தேழு ஒளியாண்டு தூரம், சப்தரிஷி மண்டலத்தின் வாலை வளைவாக நீட்டினால் அதில்தான் போய் முட்டும் என்று போனில் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். செல்வி உருகிப்போய் முறத்தைத் தானே எடுத்துக்கொண்டாள்.

நானும் பக்கத்து மாடி முனீரும் பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜி, சாயாவோடு ஆராய்ச்சி நடத்தினோம். கிழக்கே, வெலிங்டன் தீவுப் பக்கம், பளிச்சென்று ஒரு ஆரஞ்சு ஒளி. கண்சிமிட்டக்கூட இல்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

ஒருநாள் செல்வி மாடிக்கு வந்தாள். காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏங்க, முப்பத்தேழு ஒளியாண்டு தூரத்துல இருக்கது எதுக்குக் கீழ இறங்குது?"

நட்சத்திரம் மெதுவாக இறங்கி, ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே போனது. துறைமுகத்துக் கிரேன். முனீர் பழம்பொரியை அப்படியே போட்டுவிட்டுத் தன் வீட்டுக்குள் இறங்கிவிட்டான்.

செல்வி கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சப்தரிஷியைத் தேடி, வாலை விரலால் வளைத்து நீட்டி, கிரேனுக்கு வெகு மேலே நிஜச் சுவாதியைக் காட்டினாள். நான் சொல்லிக்கொடுத்த வழிதான்.

"அழகா இருக்குல்லா?"

"ரொம்ப" என்றேன். உண்மையாகவே அழகாக இருந்தது.

"அப்போ தினமும் பாருங்க. நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன்."

கீழே போனாள். மன்னிப்பு இவ்வளவு மலிவா என்று நான் நினைத்து முடிப்பதற்குள் முறத்தோடு திரும்பி வந்தாள்.

"பாக்கதுக்குக் கண்ணு போதும்லா? கை ரெண்டும் சும்மாத்தான இருக்கு."

இப்போது தினமும் அண்ணாந்து பார்த்தபடியே உரிக்கிறேன். கண்ணீரில் ஒரு சுவாதி ஏழெட்டாகத் தெரிகிறது. பெண்டாட்டி நட்சத்திரத்தைப் பார்த்தே இப்படிக் கண் கலங்குகிறவர்தான் புருஷன் என்று முனீரின் மனைவி ரம்லத் நெகிழ்ந்துபோனாளாம்.

நேற்றிலிருந்து முனீரும் மாடிக்கு வருகிறான், ஒரு கூடைப் பூண்டோடு.