புது வாகனத்தில் மான் பார்க்கப் போனது

செய்ய வேண்டியிருந்தது ஒரு சின்ன வேலை. ரிச்மண்ட் பூங்காவுக்குப் போய், கொம்புள்ள ஒரு மானைப் படமெடுத்துக்கொண்டு வருவது.

ஒக்டோபரில் அங்கே ஆண் மான்கள் ஒன்றையொன்று சண்டைக்கு இழுத்துக் கத்தும். விடியற்காலைக் குளிரில் வாயிலிருந்து ஆவி பறக்கும். அந்த ஆவிதான் எனக்கு வேண்டும். எங்கள் பகுதிப் புகைப்படக் கழகம் ஒரு போட்டி வைத்திருந்தது. தலைப்பு: காட்டு விலங்கு.

கழகத்தில் சேர்ந்ததிலிருந்து என் படம் ஒன்றுகூட அதன் சுவரில் தொங்கியதில்லை. போன முறை ஒரு புறாவை அனுப்பினேன். "புறா நன்றாக இருக்கிறது" என்றார் நடுவர். படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இம்முறையும் தொங்காவிட்டால் கமராவை விற்றுவிடுகிறேன் என்று வீட்டில் அறிவித்திருந்தேன். வீட்டில் அதை ஆவலோடு கேட்டார்கள்.

என்னிடம் கார் இல்லை. குட்மேய்ஸில் எங்கள் தெருவில் இருக்கும் சிவம் அண்ணை அந்தக் கிழமைதான் ஒன்று வாங்கியிருந்தார். ஜேர்மனியில் நெடுங்காலம் இருந்துவிட்டு லண்டன் வந்தவர்.

"ஓம் தம்பி, போவம். ராணியும் வருவா. ஆனா வாகனம் இன்னும் கோயில் காணேல்ல. ஆர்ச்வே முருகனிட்டைக் காட்டிப்போட்டு அப்பிடியே போவம். வழியிலதானே."

கிழக்கு லண்டனிலிருந்து தென்மேற்கே பூங்காவுக்குப் போக, வடக்கே இருக்கும் ஆர்ச்வே எந்த வழியில் வருகிறது என்று நான் கேட்கவில்லை. கார் அவருடையது.

ஐயர் உள்ளே பூசையை முடித்துக்கொண்டு ஆறுதலாக வந்தார். விடியல் அவருக்காகக் காத்திருக்கவில்லை. நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தார். இலக்கத் தகட்டில் சந்தனம், குங்குமம். முன்பக்கம் முழுவதும் ஒரு செவ்வந்தி மாலை.

"மெதுவா முன்னுக்கு எடுங்கோ" என்றார்.

அண்ணை வேகமாகப் பின்னுக்கு எடுத்தார்.

"ஜேர்மனியில கியர் மற்றக் கையில, ஐயா."

"தேசிக்காய் நசிஞ்சால் சரி" என்றார் ஐயர், மதிலோடு ஒட்டி நின்றபடி.

மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாமே என்று சொல்லிப் பார்த்தேன்.

"சாமிக்கு முன்னால கட்டினது. அது தானா வாடி விழவேணும். நாங்கள் கை வைக்கக்கூடாது" என்றா ராணி அக்கா, அண்ணையின் மனைவி. பின் ஆசனத்தில், மடியில் மரக்கறி ரோல்ஸ் பெட்டியோடு இருந்தா.

சிவப்பு விளக்கில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி காரைப் பார்த்துச் சிரித்தா. "கல்யாணமா?" என்று கேட்டா. அண்ணைக்கு எதற்கும் யெஸ் சொல்கிற பழக்கம். "மாப்பிள்ளை யார்?" என்றா. அண்ணை என்னைக் காட்டினார். நான் சேற்றுக்கென்று எடுத்த காற்சட்டையோடும் றப்பர் பூட்ஸோடும் இருந்தேன். அவ என்னை மேலும் கீழும் பார்த்து, "தைரியமாக இரு" என்றா. நன்றி சொன்னேன்.

பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். ஆவி ஒன்றும் இல்லை. தூரத்துப் பெரணிப் புதருக்குள் ஒரு கொம்பு மட்டும் தெரிந்தது.

"இதுக்கே இவ்வளவு தூரம் வந்தனீங்கள்? வன்னியில இதைக் கண்டா படமெடுக்க மாட்டினம். கறி வைப்பினம்" என்றா அக்கா.

அவர்களைக் கார் நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டுத் தனியே போனேன். ஈரத்தில் குப்புறப் படுத்து, நீள லென்ஸைப் பூட்டிக்கொண்டு காத்திருந்தேன். அந்தக் கொம்பு அசையவே இல்லை. நல்ல பொறுமையான மான் என்று நினைத்தேன். கடைசியில் அது முறிந்த ஒரு ஓக் கிளை என்று தெரிந்தது.

அப்போது கைபேசி அடித்தது. அண்ணை. குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"தம்பி, எங்க நிக்கிறீர்?"

"புதருக்குள்ள. சத்தம் போடாதேங்கோ, மான் வந்தாலும் வரும்."

"மான் இஞ்ச நிக்குது. மாலையைத் தின்னுது."

"கலைச்சுப் போடாதேங்கோ அண்ணை. வாறன்."

"கலைக்கிறதோ? நாங்கள் கண்ணாடியை ஏத்திப்போட்டு இருக்கிறம். அக்கா கந்தசஷ்டி சொல்லுறா."

ஓடினேன். பூங்காவில் உள்ளதிலேயே பெரிய மான் அதுவாகத்தான் இருக்க வேண்டும். காரின் பொனெற்றில் தலையைக் குனித்து செவ்வந்தியை ஆற அமரச் சப்பியது. எனக்கு லென்ஸில் மூக்கு மட்டும்தான் தெரிந்தது. பின்வாங்கிக்கொண்டே போனேன். முழு மானும் தெரிந்த நேரம் அது தலையை ஒரு உதறு உதறியது. மாலை அறுந்து கொம்பில் மாட்டிக்கொண்டது. பொனெற்றில் கொம்பு நீளமாக ஒரு கோடு இழுத்தது.

பிறகு மான் திரும்பி, நெஞ்சை நிமிர்த்தி, மாலை காதோரம் தொங்க, என்னைப் பார்த்து நின்றது. அப்படி ஒரு வெளிச்சம். எடுத்தேன். அது மாலையோடேயே போய்விட்டது.

அண்ணை இறங்கி அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"கோயிலுக்குப் போகாமல் வந்திருந்தா என்ன நடந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாரும் தம்பி" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் நடந்திருக்காது. சொல்லவில்லை. வீட்டுக்குப் போகவும் அந்தக் கார்தான்.

போட்டியன்று நடுவர் என் படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றார்.

"ஒளி அருமை. நிற்கிற நிலை அருமை. இதை யார் வளர்க்கிறார்கள்?"

"ஒருவரும் இல்லை. காட்டு மான்."

"பூவை யார் போட்டது?"

"எங்கள் கோயில் ஐயர்."

"மானுக்கா?"

"இல்லை. காருக்கு."

அவர் என் தோளில் மெல்லத் தட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். காட்டு விலங்குப் பிரிவில் வளர்ப்பு விலங்குகளை ஏற்பதில்லை என்று கழகச் செயலாளர் விளக்கினா. நல்ல மனுஷி. டிசம்பரில் செல்லப் பிராணிகளுக்கு ஒரு போட்டி இருக்கிறது, அதற்குப் போடுங்கள் என்றா.

போட்டேன். படம் கடைசியில் சுவரில் தொங்கியது, இரண்டாம் பரிசுச் சீட்டோடு.

முதல் பரிசு, சோபாவில் நித்திரை கொள்ளும் ஒரு பூனைக்கு.