மதிலுக்கு இந்தப் பக்கம்

மூன்றாம் நாள் காலையில்தான் அஃப்ஷீனுக்கு விஷயம் புரிந்தது. அவள் டெஸ்ட் செய்துகொண்டிருந்த மோட்டாரில் 'பங்காரு பம்ப்ஸ்' என்று ஒட்டியிருந்தது. அவளுக்கு இன்டர்ன்ஷிப் கொடுத்ததோ 'பங்காரு என்ஜினியரிங்'.

பெரியநாயக்கன்பாளையத்தில் அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்து, ஒரே மதிலின் இரு பக்கமும் நடத்தும் கம்பெனிகள் அவை. திங்கட்கிழமை கேட்டில் காவலுக்கு இருந்த அம்மா கை காட்டிய பக்கம் நுழைந்தவள், போர்டில் 'பங்காரு'வுக்கு மேல் படிக்கவில்லை. "பொண்ணுங்களுக்கு மெசின் வேலை சரிப்படாது" என்று ஊரெல்லாம் கைவிரித்த பிறகு கிடைத்த ஒரே இடம். அதையும் கோட்டை விட்டாயிற்று.

நைசாக நழுவிவிட நினைத்தாள்.

"வயிறு வலிக்குதுங்க சார். வீட்டுக்குப் போகட்டுங்களா?"

சூப்பர்வைசர் வேங்கடசாமி பதறிப்போனார். "இந்த வெயில்ல எப்படி கண்ணு போவ?" என்று மோர் வாங்கிக் கொடுத்து, முதலாளியின் ஏசி அறை சோபாவிலேயே படுக்க வைத்துவிட்டார்.

சற்று நேரத்தில் முதலாளி கந்தப்பன் உள்ளே வந்தார். அவள் துள்ளி எழுந்தாள்.

"யாரு அம்மணி?"

"இன்டர்னுங்க சார்."

வேங்கடசாமி சேர்த்த ஆள் என்று அவர் நினைத்துக்கொண்டார். வேங்கடசாமியோ, முதலாளி சேர்த்த ஆள் என்று முதல் நாளிலிருந்தே நம்பிக்கொண்டிருந்தார்.

"நல்லதாப் போச்சு. ஈரோட்டுப் பம்புக் கடைப் பார்ட்டி வந்திருக்காங்க. புது பம்பை நீயே ஓட்டிக் காட்டு. வேங்கடசாமி பேசுனா வந்தவங்க தூங்கிப்போடறாங்க."

இனி மறைப்பதில் பயனில்லை. "சார், நான் இந்தக் கம்பெனிக்கு வரலைங்க."

"அதுக்குள்ள சலிச்சுப்போச்சா? உக்கார எடம் பத்தலைன்னா சன்னலோரம் மேசை போடச் சொல்றேன். வா."

டெஸ்ட் மேடையில் பம்பின் ஸ்விட்சைப் போட்டாள். ஹோஸ் பைப் பிடியை விட்டுத் துள்ளி, ஈரோட்டுக்காரரின் வெள்ளைச் சட்டையைத் தலையோடு நனைத்தது. வேங்கடசாமி கண்ணை மூடிக்கொண்டார்.

ஈரோட்டுக்காரர் முகத்தைத் துடைத்தார். "எங்க ஊர்த் தோட்டத்துல கரண்ட் எப்பவும் லோ வோல்டேஜுங்க. அங்கயும் இப்படித் தள்ளுமா?"

பயம் போன இடம் தெரியவில்லை அவளுக்கு. "மீட்டரைப் பாருங்க சார். இப்பவும் லோ வோல்டேஜ்தான். நேத்து பூரா இன்னும் கொறைச்சுக் கொறைச்சு ஓட்டிப் பாத்தேன், ஒரு தடவைகூட நிக்கலை."

அவர் மீட்டரைப் பார்த்தார், தன் சட்டையைப் பார்த்தார். அங்கேயே நின்று தன் கடைகள் அத்தனைக்கும் ஆர்டர் சொன்னார்.

அவர் கார் கிளம்பியதும் அஃப்ஷீன் சொல்லிவிட்டாள். "சார், நான் பக்கத்துக் கம்பெனி இன்டர்னுங்க."

கந்தப்பன், இரண்டு வருஷமாகப் பேசாத அண்ணனுக்கு போன் போட்டார்.

"அண்ணா, உங்க இன்டர்ன் புள்ளைய நானே வெச்சுக்கறேன்."

"எந்தப் புள்ளடா?"

மூன்று நாளாக ஆள் வராததை அங்கே யாரும் கவனிக்கவேயில்லை. கந்தப்பன் போனை வைத்துவிட்டுச் சிரித்தார். "காலேஜுல நான் பேசிக்கறேன் அம்மணி. படிச்சு முடிச்சதும் வேலைக்கும் இங்கயே வந்துரு."

அப்பாவுக்குச் சொல்ல அவள் போனை எடுத்தபோது, கந்தப்பன் கேட்டில் காவல் இருக்கும் சாமியாத்தாளைக் கூப்பிட்டு அதட்டினார். "எந்தக் கம்பெனின்னு கேக்காமயா உள்ள உடுவ?"

"கேட்டனுங்க. பக்கத்துக் கம்பெனின்னு தெளிவாத்தான் சொல்லுச்சு. போன வருசம் இதே மாதிரி இன்டர்னாப் போன எம்பட புள்ளைய அங்க மாசம் பூரா டீ வாங்கத்தான் உட்டாங்க, அதான் இந்த அம்மணிய இங்க அனுப்பிப்போட்டேன்."