பான்ஸ்ஃபுட்டில் பாதம் இல்லையாம்

அன்பும் மரியாதையும் நிறைந்த வினிஃப்ரெட் அக்காவுக்கு,

ஈவ்ஷாமிலிருந்து தம்பி கிளெமென்ட் எழுதுவது. நானும் மகள் ஹெஸ்டரும் பூனையும் உடம்பளவில் சுகம். நீயும் உன் இடுப்புவலியும் எப்படி இருக்கிறீர்கள்? முதலில் உட்கார்ந்துகொள், பிறகு படி.

சனிக்கிழமை நம் குடும்பக் கூட்டம் நடந்தது. மழையைச் சாக்கிட்டு நீ வராததே நல்லதாய்ப் போயிற்று. சர்ச் மண்டபத்தில் நாற்பத்தொரு பான்ஸ்ஃபுட்கள். நம் வம்சத்து முதல் வீரர், பிரான்சிலிருந்து படையெடுத்து வந்த நார்மன்காரர்களின் படகிலிருந்து குதித்து இங்கிலாந்து மண்ணில் முதல் பாதம் பதித்தவர், அதனால்தான் பெயரில் 'ஃபுட்' என்று அப்பா சொல்லிச் சொல்லி வளர்த்தாரே, அதை நம்பிக் கவசம் போட்ட ஒரு பாதத்தை நானே வரைந்து மேடையில் மாட்டியிருந்தேன். ஹெஸ்டரைக் கட்டிக்கொள்ளப் போகும் டட்லி ஹாக் இருக்கிறானே, 'ஹாக் என்றால் பன்றி; அந்தப் பெயர் உள்ள வீட்டுக்கு என் மகள் வரமாட்டாள், நீ எங்கள் பெயருக்கு மாறு' என்று ஒரு வருடம் அவனோடு மல்லுக்கட்டி, ஹெஸ்டர் இரண்டு மாதம் என்னோடு பேசாமல் இருந்து, கடைசியில் அவனும் தலையாட்டி, அன்றைக்கு எல்லோர் முன்னாலும் பெயர்மாற்றப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. அதற்கு முன் ஒரு சொற்பொழிவு இருக்கட்டுமே என்று குடும்பப் பெயர்களை ஆராயும் மிஸ் குவில்டரை அழைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்த அம்மாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "மிஸ்டர் பான்ஸ்ஃபுட், தப்பா எடுத்துக்காதீங்க. இதுல பாதமே இல்ல. பழைய பிரெஞ்சுல 'பான்ஸ்'னா வயிறு. பின்னால இருந்தது 'வோல்ட்', வளைஞ்சதுன்னு அர்த்தம். எழுதினவங்க காதுல விழுந்தபடி எழுதி எழுதி 'ஃபுட்' ஆயிடுச்சு. வளைஞ்ச வயிறு. சுருக்கமா சொன்னா, தொப்பை" என்றாள்.

அக்கா, நாற்பத்தொரு பேரும் ஒரே நேரத்தில் தங்கள் வயிற்றைப் பார்த்தார்கள். யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. பெரியப்பா மகன் ஆம்ப்ரோஸ் மட்டும், "தொள்ளாயிரம் வருஷமா ரத்தத்துல ஓடுதுப்பா, நான் என்ன பண்ண?" என்று இன்னொரு சாசேஜ் ரோலை எடுத்தான். டட்லி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினான்.

"ஒரு தொப்பைக்காகவா மாமா என்னை ஒரு வருஷம் அலையவிட்டீங்க? பன்னியே தேவலை!"

ஹெஸ்டர் சிரித்த சிரிப்பில் நாற்காலியே சாய்ந்தது. "வாங்கப்பா, வீட்டுக்குப் போலாம்" என்று அவளே என் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். இந்த ஒரு வருடத்தில் அவள் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. அதற்குச் சந்தோஷப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். அம்மா பிறந்த வீட்டுப் பெயரான ஃபேர்சைல்டுக்கு மாறுகிறேன்; வக்கீலிடம் சொல்லியாயிற்று. கல்யாணம் செய்துகொள்ளாததால் நீயும் இந்தத் தொப்பையைச் சுமக்கிறாய். உடனே இறக்கி வை.

உன் ரோஜாக்களும் முழங்கால்களும் நலமாயிருக்க ஆண்டவரை வேண்டும் தம்பி,
கிளெமென்ட்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் மிஸ் குவில்டர் போன் செய்தாள், எனக்கு ஆறுதல் சொல்ல. "கவலையே படாதீங்க, அந்த வம்சத்துக்கும் உங்களுக்கும் ரத்த சம்பந்தமே இல்ல. உங்க கொள்ளுத்தாத்தா அவங்க வீட்டுப் பொண்ணைக் கட்டிக்கிட்டு, பிள்ளை இல்லாம அந்தப் பொண்ணு செத்துப் போனதும், அவங்க பெயரை மட்டும் வெச்சுக்கிட்ட படகுக்காரர். நீங்க ரெண்டாந்தாரத்து வழி" என்கிறாள். யாரைப் பார்த்து சம்பந்தமில்லை என்கிறாள்? வக்கீலை நிறுத்தச் சொல்லிவிட்டேன். மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போடு. நாம் அசல் பான்ஸ்ஃபுட்கள். யார் கேட்டாலும் வயிற்றைக் காட்டு.