முன் பிரேக்கில் ஒரு கிரீச்

எழுபது வயதில் உளவாளி ஆகிவிடுவது என்று முடிவு செய்தேன். வாடிக்கையாளர் மாதிரி காரைக் கொண்டுபோய் விட வேண்டும். சர்வீஸ் சென்டரில் ஏமாற்றுகிறார்களா என்று கவனித்து, கார் கம்பெனிக்கு ரகசியமாக எழுதி அனுப்ப வேண்டும்; அதற்குச் சம்பளம். ஆஸ்திரேலியாவில் எங்கள் பாலரட் ஊரில் என்னை விட்டால் யார்? டாய்ல் கார்ப் பட்டறையின் முன்மேஜைக்குப் பின்னால் வாடிக்கையாளர்களைக் கவனித்து நாற்பது வருஷம் நின்றவன். அங்கே சொல்லப்படும் அத்தனை பொய்யும் தெரியும். பாதி நான் சொன்னது. ஓய்வு பெற்றதிலிருந்து அந்த ஆயில் வாசனைக்கு ஏங்கிக் கிடக்கிறேன்.

விண்ணப்பத்தின் மூன்றாவது கேள்வியில் கவிழ்ந்தேன். இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குத் தகுதி கிடையாதாம்.

"கிளெனிஸ், உன் பேர்ல போடுவோம். போறது, பாக்கறது, எழுதறது எல்லாம் நான்."

"சரி டெஸ்," என்றாள் என் மனைவி, டோஸ்டில் வெஜிமைட் தடவிக்கொண்டே. அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

"முன் அனுபவம் உண்டான்னு கேக்கறான். இல்லைன்னு போடறேன்."

"உண்டுன்னு போடு. எழுபத்தெட்டுல, டாய்ல் பட்டறை."

லேப்டாப்பில் என் விரல் நின்றுவிட்டது. எழுபத்தெட்டு ஜூலை, எங்கள் ஊர்க் குளிர்காலம். பச்சைக் கம்பளிக் கோட்டில், அப்பாவின் மஞ்சள் காரோடு வந்தாள். வண்டியில் ஒரு குறையும் இல்லை. அவளை மறுபடி வரவைக்க, முன் பிரேக்கில் கிரீச் சத்தம் கேட்கிறது என்று கூசாமல் புளுகினேன். என் வாழ்நாளின் ஒரே சாமர்த்தியம் அது. இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு இனிக்கும். ஒவ்வொரு கல்யாண நாளிலும் அதைச் சொல்லி மீசையை முறுக்கியிருக்கிறேன்.

"உங்கப்பாதானே உன்னை அனுப்பினார்?"

"உங்க முதலாளி அனுப்பினார். எங்கப்பாவுக்கு சிநேகிதர். புது ஆளு புளுகறானான்னு பாத்துச் சொல்லும்மான்னார்."

"சொன்னியா?"

"அன்னிக்கே சொன்னேன்."

"அப்புறம் எதுக்கு மறுபடி ரெண்டு தடவை வந்தே?"

"அது எனக்காக வந்தது."

கொஞ்சம் உயிர் வந்தது. "அவர் ஏன் என்னை வேலையை விட்டுத் தூக்கலை?"

"தூக்கத்தான் பாத்தார்." லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "வேணாம் மிஸ்டர் டாய்ல், அவனை நான் பாத்துக்கறேன்னு சொன்னேன்."

சாயங்காலமே அவளுக்கு வேலை உறுதியானது. செவ்வாய்க்கிழமை அவள் சர்வீஸ் சென்டருக்குப் போகிறாள். நான் துணி காயப்போடுகிறேன்.