கல்லாற்றில் ஐந்தாவது பாதை

டிலே மாமாவோடு ஒரு வாரம் வேலை பார்த்தவன் அதன்பின் எந்தச் சுவரையும் சும்மா பார்க்க மாட்டான். பத்து வருஷம் பார்த்த என் கதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

திருவனந்தபுரத்தில் எங்களுடையது சின்ன வயர்லெஸ் கம்பெனி. ஒரு சிக்னல் நேராகவும் வரும். மலை, கட்டடம், லாரி என்று கண்டதில் மோதிக் கொஞ்சம் பிந்தியும் வரும். வரும் வழி ஒவ்வொன்றும் ஒரு பாதை, பிந்தும் நேரம்தான் டிலே. எல்லாம் கலந்தால் ஒன்றும் விளங்காது. எது எவ்வளவு பிந்தியது என்று கணக்குப் போட்டுப் பிரிப்பதுதான் அவர் வேலை. என்னைவிட இளையவர். வலியசாலை அக்ரஹாரத்துக்காரர் என்பதால் ஆபீஸ் முழுக்க மாமா.

பழவங்காடியில் ஊரே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கும். இவர் ஆன்டெனாவும் கையுமாக நிற்பார். "அண்ணா, அந்த பஸ் கொஞ்சம் நகர்ந்தா ரெண்டு பாதை கொறைஞ்சுடும்!" டிரைவரிடம் திட்டு வாங்குவது நான்.

கல்லாற்றில் வெள்ளம் வந்தால் எச்சரிக்க ஒரு சங்கு வைத்தோம். மலைமேல் இருக்கும் கருவி வயர்லெஸில் சொன்னால் ஆற்றோரத்தில் இது ஊத வேண்டும். அதிகாரிகள் முன்னால் சோதனை. தேறினால் மாமாவின் ஒப்பந்தம் நீளும், இல்லாவிட்டால் வீடுதான். சங்கு ஊதவில்லை.

"நேத்து நாலு பாதைதான் இருந்தது அண்ணா. இன்னிக்கு அஞ்சாவதா ஒண்ணு முளைச்சிருக்கு."

தாமதத்தைத் தூரமாக மாற்றி, டேப்பைப் பிடித்துக்கொண்டு சுற்றினார். பின்னாலேயே நானும் என் மூட்டுவலியும். கடைசியில் ஒரு டீக்கடை முன் நின்றோம். புத்தம்புதுத் தகரக் கூரை.

"இப்பந்தான் ஆணி அடிச்சோம் சாரே," என்றாள் மார்த்தாண்டத்துக் கடைக்காரி. "இதப் பிரிச்சா மழைக்கு எங்க போவேன்?"

அதிகாரியிடம் ஒரு வார்த்தை சொன்னால் கூரை இறங்கிவிடும். "சொல்லித் தொலையும் ஓய், வேலை நிக்கும்," என்று காதைக் கடித்தேன்.

மாமா நேரே போய், "கணக்குல என் தப்பு சார். ரெண்டு நாள் குடுங்கோ," என்றார்.

கொடுத்தார்கள். ஐந்து பாதைக்கும் கணக்கு எழுதினார், சங்கு ஊதியது. ஆனால் தப்பை ஒப்புக்கொண்டவருக்கு ஒப்பந்தம் நீளவில்லை.

மழையில் ஆறு பொங்கிய அன்று சங்கு கேட்டு எல்லோரும் மேடேறினார்கள். மாமாவுக்குப் போன் செய்தேன்.

"கடைக்காரி?"

"பத்திரமா இருக்கா. கூரைதான் ஆத்தோட போயிடுச்சு."

"ஐயையோ! அப்போ நாலு பாதைதானே! கணக்கை மாத்தணுமே அண்ணா!"

சம்பளமில்லாத மனிதரோடு மறுநாளே கல்லாறு பஸ் ஏறினேன். உம்மைப் பார்க்காமல் ஆபீஸில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை ஓய் என்று வழியில் சொல்லியும் விட்டேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு பாறையாக எண்ணிக்கொண்டு வந்தார். காதில் விழுந்ததோ என்னவோ.